அந்த மனிதரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்காகச் செம்பூரில் கூடியிருக்கும் மும்பைத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொது இடத்தில் அயலார் ஒருவரின் தோற்றத்தைப் பற்றிக் குழந்தை உரக்கக் கேட்டுவிட்டால், பதிலை அங்கேயே சொல்வதா, வீடு திரும்பியபின் சொல்வதா என்பது இன்றைய தலைப்பு. அங்கேயே சொல்ல வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், குழந்தையின் வாயைப் பொத்தி அப்பால் அழைத்துச் செல்வதே அந்த மனிதருக்கு நாம் காட்டும் மரியாதை என்றும், விளக்கத்தை வீட்டில் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் கூறினார். கேட்கப் பண்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய ஏற்பாட்டில் தாயும் பிள்ளையும் மட்டுமே இடம்பெறுகிறார்கள். யாரைப் பற்றிப் பேச்சு எழுந்ததோ அவர் பிளாட்பாரத்திலேயே விடப்படுகிறார். வீட்டில் நாம் சொல்லும் விளக்கம் எத்தனை அருமையாக இருந்தாலும் அது அவர் காதில் விழப்போவதில்லை. அவர் கேட்டதெல்லாம் குழந்தையின் கேள்வி, தாயின் ‘உஷ்’, அதற்குப் பின் யாரும் வாய் திறக்காத அந்தச் சில நிமிடங்கள், அவ்வளவுதான்.

குர்லாவிலிருந்து தாதருக்குப் போகும் லோக்கலில், பெண்கள் பெட்டியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே கம்பியைச் சற்று மேலே பிடித்திருந்த ஒரு பெண்ணின் புறங்கையில் வெண்புள்ளிகள் படர்ந்திருந்தன. “அம்மா, அந்த ஆன்ட்டி கையில வெள்ளை பெயிண்ட் கொட்டியிருக்கு பாரேன்” என்றாள் சிறுமி. தாய் அவள் தோளில் அழுத்திக் கிள்ளினார். சிறுமி அழவில்லை, கம்பியிலிருந்து கையை எடுத்துத் தன் கவுனில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதன்பின் கம்பியைத் தொடாமல் தாயின் புடவையைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணோ துப்பட்டாவின் நுனியை இழுத்துப் புறங்கையை மூடிக்கொண்டார்.

அந்தக் கிள்ளல் என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறரைப் புண்படுத்தக் கூடாது என்பதையா? இல்லை. அந்தக் கை அபாயமானது, தொட்டால் ஏதோ ஆகிவிடும் என்பதைக் கற்றுக்கொடுத்தது. தோலுக்கு நிறமூட்டும் மெலனினை உண்டாக்குகிற செல்கள் அழிந்துபோவதால் வருவதே வெண்புள்ளி, அது தொற்றாது. படித்தவராகத் தோன்றிய அந்தத் தாய்க்கும் இது தெரிந்திருக்கக்கூடும். “அது பெயிண்ட் இல்லம்மா, அந்த இடத்துல தோலோட நிறம் போயிருக்கு, தொட்டா ஒட்டாது” என்று சொல்லியிருந்தால் சிறுமிக்கு விடை கிடைத்திருக்கும். துப்பட்டாவை இழுத்துக்கொண்டவருக்கும் அந்தப் பெட்டியில் தம்மை இயல்பாக எண்ணுகிற ஒருவராவது இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்.

‘தமிழில்தானே கேட்டது, அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது’ என்று நம்மவரில் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. தமிழர் நிறைந்த மாட்டுங்காவும் தாராவியும் இருக்கும் ஊரில் இது எத்தகைய அசட்டுத் துணிச்சல் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீட்டிய விரலுக்கு மொழியும் தேவையில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், குழந்தை இப்படி உரக்கக் கேட்பதை வளர்ப்புக் குறை என்றார். நான் பாலர் வகுப்பு ஆசிரியை. இதை மறுக்கும் கடமை எனக்கு உண்டு. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு கதையைக் குழந்தைகளிடம் சொல்லிச் சோதித்தார்கள். மாக்ஸி என்ற சிறுவன் ஓர் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. நான்கு வயதுக்கு மேல்தான் அது மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. இன்னொருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதையே இன்னும் ஊகிக்கத் தெரியாத வயதில், தன் சொல் அங்கே என்ன செய்யும் என்று குழந்தை கணக்கிட்டுப் பேச வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமா? சட்டமே இந்த வேறுபாட்டை அறிந்து வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரைச் சிறுமைப்படுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்கிறது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு. சட்டம் மன்னித்ததை நாம் கிள்ளித் தண்டிக்கிறோம்.

ஆனால் குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பார்த்ததைச் சொல்வது வேறு, இழித்துச் சொல்வது வேறு. “அந்த மாமா ரொம்பக் கறுப்பு” என்பது முதல் வகை. “அசிங்கமா கறுப்பா இருக்காங்க” என்பது இரண்டாம் வகை. அந்த ‘அசிங்கம்’ எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் 1940-களில் நடத்திய பொம்மைச் சோதனைகளில், கறுப்பினச் சிறுவர் சிறுமியரிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பளித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களின் ஆய்வைக் குறிப்பிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து நாம் பேசும் பேச்சையும், குண்டாக இருப்பவரை வைத்துத் தொலைக்காட்சி செய்யும் நகைச்சுவைக்கு நாம் சிரிக்கும் சிரிப்பையும் நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். 1960-களில் நம் தாத்தாக்களின் வேட்டியும் நிறமும் இதே நகரத்தில் கேலிக்கு ஆளாயின என்பதை மறக்காத நமக்கு, இதைச் சொல்லித் தர வேண்டியிருப்பதே வருத்தம். இழிசொல் வந்துவிட்ட இடத்தில் விளக்கம் போதாது. அந்த மனிதரைப் பார்த்து, “தப்பாச் சொல்லிட்டா, மன்னிச்சுக்குங்க” என்று பெற்றவர் தாமே கேட்க வேண்டும். அதையும் வீட்டில் போய்க் கேட்க முடியாது.

ஒருவரைக் காட்சிப்பொருளாக்கிப் பாடம் நடத்தலாமா என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி, அவர் வாதத்தில் வலுவுள்ள இடம் இதுவே என்பேன். நடத்தக் கூடாது. பரேலில் டாடா நினைவு மருத்துவமனைப் பக்கம், முடி கொட்டிய தலையும் முகக்கவசமுமாக ஒரு சிறுவனைக் கண்டு நம் பிள்ளை கேட்டால், புற்றுநோயின் வரலாற்றை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவனிடம் போய் நலம் விசாரித்து, கையைக் குலுக்கச் செய்து, அவன் பெற்றோரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தவும் வேண்டாம். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து, நோய்ச் செல்களோடு முடியின் வேரில் உள்ளவற்றையும் தாக்குகிறது. ஐந்து வயதுக்கு இது, “நோய்க்கு மருந்து சாப்பிடறான், அதனால முடி கொட்டியிருக்கு, அப்புறம் முளைக்கும்” என்ற அளவில் போதும். குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், கடைக்காரரிடம் விலை கேட்கும் குரலில் சொன்னால் யாரும் காட்சிப்பொருளாவதில்லை.

வண்டியில் கைதட்டி வரும் திருநங்கையரைக் கண்டால் பத்து ரூபாயை நீட்டிவிட்டுக் குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புகிறோமே, அங்கேயும் இதைத்தான் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்துவிட்டது. “ஆன்ட்டியா அங்கிளா?” என்று பிள்ளை கேட்டால், “அக்கான்னு கூப்பிடு” என்று சொல்வதற்கு நமக்கு இன்னும் என்ன தயக்கம்?

நெரிசலில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கடைசியாகக் கேட்டார்கள். வீட்டுக்குப் போனால் குக்கர், வீட்டுப்பாடம், மறுநாளைய டிபன் டப்பா. அங்கே மட்டும் நேரம் கிடைக்கிறதாமா? ‘தொட்டா ஒட்டாது’ என்பதோடு முடிகிற அந்த வாக்கியத்தை நான் சொல்லிப் பார்த்தேன், நடுவர் அவர்களே. லோக்கல் தாதரில் நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டு இறங்கவும் முடிகிறது. நன்றி, வணக்கம்.