அரசரின் விருந்துத் தட்டில் காட்டுச்செடிகள்

அவையோருக்கு என் வணக்கம். ஐரோப்பியப் பீங்கானில் இயற்கை என்றதும் ரோஜாக் கொத்துகளே பலர் நினைவுக்கு வரும். 1710-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் தொடங்கிய ஆலை, முதலில் கிழக்காசியக் கலங்களின் கற்பனைப் பூக்களைப் பின்பற்றி, 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஐரோப்பியத் தோட்டப் பூக்களை நிழலோடும் பூச்சிகளோடும் தீட்டத் தலைப்பட்டது. ஆயினும் அப்பூக்கள் அழகு கருதியே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

அந்த அளவுகோலையே கைவிட்ட ஒரு படைப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். டென்மார்க்கின் கோபன்ஹேகன் அரச பீங்கான் ஆலையில் 1790-இல் தொடங்கப்பட்ட 'ஃப்ளோரா டானிகா' (டென்மார்க்கின் தாவரங்கள்) விருந்துக் கலங்களே அவை. டென்மார்க் அரசின் ஆட்சிப் பகுதிகளில் தானாக வளரும் தாவரங்கள் அனைத்தையும் செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிடும் பெரும்பணியை, தாவரவியலர் ஓடர் 1761-இல் தொடங்கியிருந்தார். அந்தப் படங்களை யோஹான் கிறிஸ்டோஃப் பாயர் என்ற ஓவியர், ஏறத்தாழத் தனியொருவராகவே, பன்னிரண்டு ஆண்டுகள் கலங்களில் தீட்டினார். உலோக ஆக்சைடுகளால் ஆன வண்ணங்கள் சூளைக்குள் நிறம் மாறுபவை என்பதால், வெந்து வரப்போகும் நிறத்தை மனத்தில் கொண்டே அவர் ஒவ்வொரு இலையையும் வரைய வேண்டியிருந்தது.

பூக்காத பாசியும் காளானும் வயலோரப் புல்லும் பொன்விளிம்பு பூண்ட தட்டுகளில் இடம்பெற்றிருப்பதே எனக்குப் பெருவியப்பு. தட்டுக்குள் அடங்காத நெடிய செடியைச் சிறிதாக்காமல், தண்டை வெட்டி அருகருகே வைத்ததுபோல் காட்டியிருக்கிறார்கள். பின்புறத்தில் லத்தீன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அலங்காரத்துக்கு இது இடையூறு என்பார் உண்டு. செடியின் உண்மையான அளவுக்கும் உறுப்புகளுக்கும் தந்த இந்த மரியாதைதான் அத்தட்டுகளுக்கு அழகு தருகிறது என்பதே என் உறுதியான கருத்து.

மொத்தம் 1,802 கலங்கள் நிறைவுற்ற நிலையில் பணி நிறுத்தப்பட்டது. 1803 ஜனவரி 29 அன்று, ஏழாம் கிறிஸ்டியன் மன்னரின் பிறந்தநாள் விருந்தில் அவை முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டன. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை இன்றும் கோபன்ஹேகனின் ரோசன்போர்க் அரண்மனையில் காணலாம். 1863-இல் இளவரசி அலெக்சாண்ட்ராவின் திருமணத்தை ஒட்டி அதே ஆலை மீண்டும் தொடங்கிய இந்தத் தாவர ஓவியப் பணி, இன்றளவும் கைவேலையாகவே நடந்து வருகிறது.