மடத்து இரவில் ஒரு விளக்கு: அமானுஷ்ய மர்ம நாவலின் சூட்சுமம்

[காட்சி: மழை இரவு. மலைச்சரிவில் தனித்து நிற்கும் கல் கட்டடம்.]

வணக்கம். ஊருக்கு ஒதுங்கிய துறவியர் மடத்தில் நடக்கும் அமானுஷ்ய மர்ம நாவல் நம்மை ஏன் அச்சுறுத்துகிறது? இருட்டும் நிலவறையும் என்பார்கள் பலர். என்னைக் கேட்டால், மடத்தின் ஒழுங்குமுறை என்பேன்.

[காட்சி: மதில், வாயில், மணிக்கூண்டு.]

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற விதிநூலில் 73 அத்தியாயங்கள் உள்ளன. வாயிலில் விவரமறிந்த முதியவர் ஒருவர் இருக்கவேண்டும். துறவிகள் வெளியே அலையாதபடி தண்ணீரும் மாவு ஆலையும் தோட்டமும் மதிலுக்குள்ளேயே அமையவேண்டும். இரவின் இறுதி வழிபாட்டுக்குப் பின் எவரும் பேசலாகாது. உறங்கும் கூடத்தில் விடியும்வரை விளக்கு எரியவேண்டும் என்கிறது அந்நூல். நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெளியாள் நுழைய வழியில்லாததால் சந்தேகத்துக்குரியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் அடங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில் எதையோ கண்டவரும் காலைவரை வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் அந்த விளக்கு அணைந்து கிடந்தால், அணைத்தது காற்றா, மனிதக் கையா, வேறெதுவுமா?

இந்தத் தடுமாற்றமே இவ்வகைப் புனைவின் உயிர் என்று திறனாய்வாளர் தோதரோவ் 1970இல் விளக்கினார். விடை உறுதியான நொடியில் கதை வேறு வகைக்குப் போய்விடும்.

[காட்சி: தருமபுரி வயல்வெளி, தொலைவில் மலைத்தொடர்.]

இத்தகைய கதையை நம் தருமபுரியில் எழுதினால்? ஐரோப்பிய மடத்தை அப்படியே பெயர்த்துவந்து மலையில் நட்டால் ஒட்டாது. நம் மடங்கள் பந்தி போட்டு ஊரையே அழைப்பவை. அங்கே தனிமைக்கு எங்கே போவது? ஆனால் தருமபுரியின் பழம்பெயரான தகடூரில் 9ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னர் காலத்தில், சமணப் பள்ளி ஒன்று இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பள்ளி என்றால் துறவியர் உறைவிடம். நான் எழுதுவதாக இருந்தால் இங்கிருந்தே தொடங்குவேன்.

சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும், புதிதாய் முளைக்கும் உயிர்களை மிதித்துவிடலாகாது என்பதற்காக ஒரே ஊரில் தங்கிவிடுவார்கள். ஆகவே மதிலே தேவையில்லை, மழையே கதவைச் சாத்திவிடுகிறது. உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர்விடும் சல்லேகனை நோன்பும் அவர்களிடம் உண்டு. அதைக் குருவின் இசைவோடு, பிறர் அறியவே மேற்கொள்ளவேண்டும். எவரிடமும் சொல்லாமல் ஒரு முதிய துறவி மெலிந்து இறந்தால் அது நோன்பா, கொலையா என்று விசாரிக்க ஒருவர் வந்தாகவேண்டும். (துப்பறிபவர் என்ற சொல் அக்காலத்துக்குப் பொருந்தாது, ஒற்றர் எனலாம்.)

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. இத்துறவிகள் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. தீயிலும் உயிர் உண்டு, சுடரில் பூச்சிகளும் மடியும் என்பதால் தாமாக விளக்கேற்றுவதும் இல்லை. பெனடிக்டின் மடத்தில் இருள் தடயமென்றால், தகடூர்ப் பள்ளியில் வெளிச்சமே தடயம்.

[காட்சி: கருமையான திரை. நடுவில் சிறு சுடர்.]

முதல் அத்தியாயத்தில், எதிர்க்கரையில் ஆடு மடக்கிப் படுத்திருக்கும் இடையன் ஒருவன், கொட்டும் மழைக்கு நடுவே பள்ளியின் உள்ளறையில் ஒரு சுடர் அசையாமல் எரிவதைப் பார்க்கிறான்.