ஊர்வீடு போல ஒரு மைதானம்

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த உங்கள் முன்னால் பேஸ்பால் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், விதிமுறைகள் பக்கம் போகமாட்டேன். ஒரே ஒரு மைதானத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஜப்பானின் கோபே நகரில் இருக்கிறது அது. ஒசாகாவில் ஆடும் ஓரிக்ஸ் பஃபலோஸ் அணிக்கு இரண்டாவது சொந்த மைதானம். ஆண்டில் ஒரு சில ஆட்டங்களுக்கு மட்டும் அணி அங்கே வந்து போகும். ஆனால் அதை 'இரண்டாவது' என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. ஒரு காலத்தில் முதல் வீடே அதுதான்.

1988-இல் திறந்த மைதானத்துக்கு 1991-இல் ஓரிக்ஸ் குடிவந்தது. 1994-இல் இச்சிரோ என்ற இளைஞர் ஒரே பருவத்தில் 210 ஹிட் அடித்தார் (ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் முதல் தளத்தையாவது சேர்வது). அதற்கு முன் ஜப்பானில் யாரும் 200-ஐத் தொட்டதில்லை. ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் 1995 ஜனவரி 17 விடிந்தது. நிலநடுக்கம். 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்த மக்கள் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்தார்கள். இந்த நிலையில் பந்தாட்டமா என்று யாருக்கும் தோன்றும். உரிமையாளர் மியாவுச்சி, கோபேயிலேயே ஆடுவது என்று முடிவெடுத்தார். வீரர்களின் சட்டைக் கையில் 'கன்பரோ கோபே' என்று எழுதியிருந்தது. 'தளராமல் நிற்போம் கோபே' என்று சொல்லலாம். அந்த ஆண்டு, ஜப்பானின் இரண்டு லீகுகளில் ஒன்றான பசிபிக் லீகை வென்றார்கள். இரண்டு லீகுகளின் வெற்றி அணிகள் மோதும் இறுதித் தொடரில் யாகுல்ட் அணியிடம் தோற்றார்கள். மறு ஆண்டு யோமியூரி ஜயன்ட்ஸைச் சாய்த்துக் கோப்பையை வாங்கியது இந்தப் புல்தரையில்தான். பயிற்சியாளர் ஓகியை வீரர்கள் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள்.

அப்புறம் இச்சிரோ அமெரிக்கா போனார். 2004-இல் ஓரிக்ஸும் கின்டெட்சு என்ற இன்னோர் அணியும் ஒன்றாக இணைந்தன. கின்டெட்சுவிடம் ஒசாகாவில் கூரை போட்ட மைதானம் இருந்தது, மழைக்கு அஞ்ச வேண்டாம். சில ஆண்டுகள் இரண்டு ஊரும் சொந்த ஊர் என்றார்கள். பிறகு அண்ணன் தம்பி சொத்தைச் சேர்த்துக்கொண்டு பட்டணத்துப் பெரிய வீட்டில் குடியேறுகிற கதைதான். கோபே ஊர்வீடாயிற்று. விளம்பரத்துக்காகப் பெயரும் மாறிக்கொண்டே போய், 2011-இல் ஒரு பார்சல் சாப்பாட்டுக் கடையின் பெயர் வந்து சேர்ந்தது! சாப்பாட்டுக் கடையை நான் குறை சொல்லவில்லை.

சரி, 2021-க்கு வருவோம். இறுதித் தொடருக்கு ஓரிக்ஸ் வந்துவிட்டது, எதிரணி மறுபடியும் யாகுல்ட். ஆறாவது ஆட்டத்துக்கு ஒசாகா டோம் கிடைக்கவில்லை, வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஊர்வீட்டைத் திறந்தார்கள். நவம்பர் 27, திறந்தவெளி, எலும்பைத் துளைக்கும் குளிர். ஓரிக்ஸின் பந்துவீச்சாளர் யமமோட்டோ, ஒரு ஆட்டத்தின் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸையும் தனியாக வீசி ஒரே ஓட்டம்தான் கொடுத்தார். ஆட்டம் 1-1 என்று பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்குப் போனது. இரண்டு பேர் அவுட்டான பிறகு, யாகுல்ட்டுக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த கவாபட்டா ஒரு ஹிட் அடித்தார். 2-1. கோப்பை யாகுல்ட்டுக்கு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

ஓகியைத் தூக்கிப்போட்ட அதே தரையில், இப்போது யாகுல்ட் வீரர்கள் தங்கள் பயிற்சியாளரைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.