வண்டி வருகிற தெரு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் வரைந்த கிராமத்துத் தெருவில் விஞ்சி நிற்பது அழகா, வாழ்க்கையா?' இதுதான் தலைப்பு. இம்ப்ரெஷனிஸ்ட் என்றால், கண்ணில் படுகிற ஒளியையும் நிறத்தையும் அப்படியே பிடிக்கப் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் கூட்டம். எதிரணித் தோழர் 'அழகு மட்டும்தான்' என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போகிற போக்கில் ஒரு குற்றச்சாட்டு வேறு. 1870இல் பிரான்சுக்கு ஜெர்மானிய அரசான பிரஷ்யாவோடு போர், 1871இல் 'பாரிஸ் கம்யூன்' என்ற மக்கள் எழுச்சி, தெருவெல்லாம் பிணம். மறு வருஷமே இவர்கள் மரநிழலை வரைந்துகொண்டிருந்தார்களாம்! கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானே கைதட்டினேன்.

சரி, அந்த மரநிழலுக்கே போவோம். கமீல் பிசாரோ 1872இல் வரைந்த 'வுவாசான் கிராமத்து நுழைவு'. இன்றைக்குப் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஊருக்குள் போகிற சாலை, ஓரமாக ஒல்லி மரங்கள், அவற்றின் நிழல் சாலைக்குக் குறுக்கே கோடுகோடாக. எதிரே ஒரு குதிரை வண்டி. போர் எங்கே என்கிறார் தோழர்.

ஐயா, போர் வந்ததே இந்தாள் வீட்டுக்குத்தான்! பக்கத்து லூவ்சியேனில் குடியிருந்தவர் பிசாரோ. பிரஷ்யப் படை நெருங்கியதும் குடும்பத்தோடு கிளம்பி லண்டன் போய்ச் சேர்ந்தார். வீட்டில் சிப்பாய்கள் தங்கினார்கள். தோட்டத்துச் சேற்றில் கால் புதையாமலிருக்க, அவர் பல வருஷம் பாடுபட்டு வரைந்த ஓவியங்களை விரித்து அதன்மேல் நடந்தார்கள். பெரும்பகுதி பாழாயிற்று. அப்படிப்பட்ட மனிதர் ஊர் திரும்பி வரைகிறார், சாலையில் வண்டி வருகிறது என்று. பயமில்லாமல் வண்டி ஓட்டுகிற நிலைமை ஊருக்குத் திரும்பிவிட்டது என்பது அவருக்குச் சின்ன விஷயமா?

அடுத்து ஆல்ஃபிரட் சிஸ்லி. 1878இல் அவர் வரைந்த லூவ்சியேன் பனித் தெருவை 'வெள்ளை அழகு' என்றார் தோழர். கிட்டே போய்ப் பார்த்தாரோ என்னவோ! அந்த வெள்ளைக்குள் நீலம் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது. இரண்டு பக்கமும் மதில், நடுவே கறுப்பு உடையில் தனியாக ஒரு பெண். அவள் அழகுக்கு வைத்த பொட்டாம். அந்தக் குளிரில் வேடிக்கை பார்க்கவா வெளியே வருவாள்? ஏதோ வேலை, போகிறாள். அந்தப் பிழைப்பு சிஸ்லிக்குத் தெரியும். அதே போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்தது. அதற்கப்புறம் படம் விற்றால்தான் அவருக்குச் சோறு. படமும் சரியாக விற்கவில்லை.

அழகில்லை என்று நான் சொல்லவே இல்லை, நடுவர் அவர்களே. ஆனால் அழகுதான் தேவை என்றால் பிசாரோவுக்கு லண்டனில் என்ன குறை? அங்கேயும் நார்வுட் பக்கத்துப் பனியை வரைந்தவர்தான் அவர். பிறகு எதற்கு, ஓவியங்களை மிதித்துத் துவைத்த அதே ஊருக்குத் திரும்பி வந்து அதே தெருக்களை வரைய வேண்டும்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.