பெசாரோவின் மரவேலை இயந்திரக்காரர்

நண்பர்களே, இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையில் பெசாரோ என்று ஓர் ஊர். பெனெல்லி மோட்டார் சைக்கிள்கள் பிறந்ததும் அங்கேதான். அதே ஊரில் ஜியான்கார்லோ மோர்பிதெல்லி என்பவர் மரம் அறுக்கவும் இழைக்கவும் இயந்திரங்கள் செய்து விற்றுவந்தார். அந்தத் தொழிலில் வந்த பணத்தை 1960களின் இறுதியில் பந்தய வண்டிகளில் கொட்டத் தொடங்கினார்.

இதற்குக் காலமும் துணை நின்றது. பெரிய ஜப்பானிய நிறுவனங்கள் பல சிலிண்டர்களை அடுக்கி வென்றுவந்த 125 சிசி பிரிவில், இனி இரண்டு சிலிண்டருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. கையில் பெரும் முதல் இல்லாத பட்டறைகளுக்கும் இதனால் வழி திறந்தது.

ஆனால், முதல் பெரும் நம்பிக்கை துயரத்தில் முடிந்தது. 1972 ஜூனில், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் நடந்த பந்தயத்தில், மழையில், மோர்பிதெல்லி வண்டியை ஓட்டிய கில்பெர்தோ பார்லோத்தி விழுந்து இறந்தார். அந்த ஆண்டின் 125 சிசி சாம்பியன்ஷிப் புள்ளிப் பட்டியலில் அப்போது அவர்தான் முன்னணியில் இருந்தார். அவருடைய நண்பரும் பலமுறை உலகச் சாம்பியனுமான ஜாக்கமோ அகொஸ்தினி, அந்த ஆண்டுக்குப் பிறகு மான் தீவில் பந்தயம் ஓட்டவே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடுகிறது. அந்த அடிக்குப் பிறகும் பட்டறைக் கதவை மூடாத மோர்பிதெல்லியின் உறுதியை நான் வணங்குகிறேன்.

பிறகு ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் மொல்லர் வந்து சேர்ந்தார். அவர் வடிவமைத்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், சுழலும் மெல்லிய தட்டு ஒன்று எரிபொருள் கலவை உள்ளே நுழையும் வாயிலைத் திறந்து மூடும். மயிரிழை பிசகினாலும் சக்தி குறைந்துவிடும். உலோகத்தை நுணுக்கமாகக் கடைந்து பழகிய ஊரின் கைகளுக்கு ஏற்ற வேலை அது. 1975இல் பாவ்லோ பிலேரி 125 சிசி உலகச் சாம்பியன் ஆனார். 1976, 1977இல் பியர் பாவ்லோ பியாங்கி. அதே 1977இல் மாரியோ லேகா 250 சிசி பட்டத்தையும் வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். வென்ற வடிவத்தைப் பூட்டி வைக்காமல், எம்.பி.ஏ. (மோர்பிதெல்லி–பெனெல்லி ஆர்மி) என்ற பெயரில் அந்த வண்டிகள் விற்பனைக்கு வந்தன. சொந்தச் செலவில் பந்தயம் ஓடிய எத்தனையோ இளைஞர்கள் உலகச் சாம்பியனின் இன்ஜினோடு தொடக்கக் கோட்டில் நின்றார்கள். 1978இல் யூஜேனியோ லாட்சரீனி உலகப் பட்டம் வென்றது எம்.பி.ஏ. வண்டியில்தான்.

பிற்காலத்தில் மோர்பிதெல்லி பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடித் தேடிச் சீர்செய்து, பெசாரோவிலேயே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 2020இல் அவர் மறைந்தார்.