'சாப்பிடல'ன்னு கொரியன்ல எப்படிச் சொல்றது?

(திரையில்: தென் கொரியாவோட சியோல் நகரத்துல ஒரு ஆபீஸ், காலை நேரம்)

"பப் மொகொஸ்ஸொயோ?" பக்கத்து சீட்டுக்காரர் கேக்கறார். சாப்டாச்சான்னு அர்த்தம். நம்ம ஊர் மாதிரியே அங்கயும் இது பாதி நலம் விசாரிப்புதான். நீங்க இன்னும் சாப்பிடல. அதனால "அன் மொகொயோ"ன்னு சொல்லிடறீங்க. அவர் முகம் லேசா மாறுது. ஏன்னா, 'சாப்பிடமாட்டேன், வேணாம்'ங்கிற மாதிரி அவர் காதுல விழுந்திருக்கு.

தமிழ் பேசற நமக்கு இந்தத் தப்பு சுலபமா வரும். 'சாப்பிட்டேன்'ல இருக்கிற 'ட்' இறந்த காலத்தைக் காட்டுது. அதையே 'சாப்பிடல'ன்னு மாத்தினதும் அந்த 'ட்' காணாமப் போயிடுது. நேத்து சாப்பிடலைன்னாலும் சரி, இப்ப சாப்பிடலைன்னாலும் சரி, ஒரே 'சாப்பிடல'தான். நம்ம 'இல்லை' காலத்தை விழுங்கிடும். கொரியன்ல அது நடக்காது. இறந்த காலம் வினையோட வால்ல அப்படியே ஒட்டியிருக்கும். 'இல்லை'ங்கிற அர்த்தம் தர்ற 'அன்' மட்டும் முன்னாடி வந்து நிக்கும்.

(திரையில் ஒவ்வொண்ணா வரட்டும்)

மொகொஸ்ஸொயோ: சாப்பிட்டேன்.
அன் மொகொஸ்ஸொயோ: சாப்பிடல.
கஸ்ஸொயோ: போனேன்.
அன் கஸ்ஸொயோ: போகல.

அழுத்தமா வர்ற அந்த 'ஸ்ஸ்'தான் இறந்த காலம். அதை விட்டுடாதீங்க. 'இன்னும் சாப்பிடல'ன்னு சொல்லணுமா? "அஜிக் அன் மொகொஸ்ஸொயோ." 'இன்னும்'னு சொன்னாலும் வினை இறந்த காலத்துலதான்.

உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை. 'மொகொ'ன்னு நான் எழுதற 'ஒ'வுக்கு உதட்டைக் குவிக்காதீங்க, வாயைக் கொஞ்சம் கூடுதலாத் திறங்க. நடுவுல வர்ற 'க', நம்ம 'மகன்'ல வர்ற மாதிரி மெதுவா ஒலிக்கும். அது நமக்குக் கஷ்டமே இல்ல.

இப்போ 'முடியல'ன்னு சொல்ற 'மோத்'. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 'வரல', 'வர முடியல' ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாங்க, நீங்க போகல. மறுநாள் "அன் கஸ்ஸொயோ"ன்னு சொன்னா, போக மனசில்லாம இருந்துட்டீங்கன்னு அவங்க நினைக்கலாம். "மோத் கஸ்ஸொயோ"ன்னா, போகணும்னு இருந்தேன், முடியலன்னு ஆகுது. ஒரு சொல்தான், ஆனா அவங்க மனசு நோகாம காப்பாத்துது.

இந்த 'மோத்' பக்கத்துல வர்ற எழுத்தைப் பார்த்துத் தன் ஒலியை மாத்திக்கும். கல்லும் மலையும் சேர்ந்து 'கன்மலை' ஆகுதில்லையா, அதே மாதிரி 'மோத் மொகொஸ்ஸொயோ'வை வாயால சொல்லும்போது "மோன் மொகொஸ்ஸொயோ" ஆகிடும். 'மோத் ஹெஸ்ஸொயோ' (செய்ய முடியல) சேர்ந்து "மோத்தெஸ்ஸொயோ"ன்னு கேக்கும். எழுத்துல பார்த்தது காதுக்குப் பிடிபடலைன்னா பயப்படாதீங்க, காரணம் இதுதான்.

'படிப்பு பண்ணு'ங்கிற மாதிரி பெயர்ச்சொல்லோட 'ஹதா' (பண்ணு) சேர்ந்து வர்ற வினைகள்ல 'அன்' நடுவுல போகும். "கோங்பு அன் ஹெஸ்ஸொயோ", படிக்கல. 'அன் கோங்பு ஹெஸ்ஸொயோ'ன்னு சொல்லக் கூடாது. ஆனா 'பிடிக்கும்'ங்கிற 'ஜோஅஹதா' பிரியாது. அதுக்கு 'அன்' முன்னாடியேதான்: "அன் ஜோஅஹெஸ்ஸொயோ", பிடிக்கல.

'அன்'னே வேண்டாத ரெண்டு சொல்லும் இருக்கு. தெரியாம இருந்ததுக்கு "மோல்லஸ்ஸொயோ", இல்லாம இருந்ததுக்கு "ஒப்ஸொஸ்ஸொயோ". தினமும் காதுல விழற சொற்கள், அப்படியே மனசுல ஏத்திக்கோங்க.

'மொக்ச்சி அனஸ்ஸொயோ'ன்னு நீளமான வடிவம் ஒண்ணும் உண்டு. அர்த்தம் அதே 'சாப்பிடல'தான். எழுத்துல அதிகம் பார்ப்பீங்க.

கடைசியா, பதில் சொல்றது. "அன் மொகொஸ்ஸொயோ?" சாப்பிடலையா? நமக்கு 'இல்ல, சாப்பிடல'ன்னு வாய்ல வந்துடும். கொரியன்ல கேட்டவர் சொன்னது சரின்னா 'ஆமா'தான்: "நே, அன் மொகொஸ்ஸொயோ." சாப்பிட்டிருந்தா, "அனியோ, மொகொஸ்ஸொயோ."

இப்ப வீடியோவை நிறுத்திட்டு நீங்க சொல்லுங்க. நேத்து ராத்திரி நண்பருக்குப் போன் பண்ணணும்னு நினைச்சீங்க, சார்ஜ் தீர்ந்துடுச்சு. என்ன சொல்வீங்க?

(மூணு விநாடி அமைதி)

"ஜொன்ஹ்வா மோத்தெஸ்ஸொயோ." போன் பண்ண முடியல.