53 மணிகளும் மூன்றாவது கேள்வியும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். அன்றாட வாழ்க்கையில் நம் கத்தோலிக்க விசுவாசம் என்ன கற்றுத்தருகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. வயதான அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிற மகன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

அப்பாவுக்குக் காது கேட்பது குறைந்து சில வருடங்களாகிவிட்டன. காதுக் கருவி மாட்டியிருக்கிறார், அதிலும் பாதிதான் விழும். ஞாபகமும் முன்போல இல்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரே கேள்விதான்: "நாளைக்குப் பூசை எத்தனை மணிக்குப்பா?" சொல்வோம். தலையாட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதையே கேட்பார்.

ஒரு சனிக்கிழமை நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் நாலாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்று கேட்டார், ஏழு மணிக்கு என்றேன். மறுபடி வந்தார், மணியிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை வந்தபோது, "எத்தனை தடவைதான் சொல்றது?" என்று கத்திவிட்டேன். அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் போனார்.

என் கட்டைவிரல் தன்பாட்டுக்கு அடுத்த மணிக்கு நகர்ந்தது, வாய் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தது, அங்கேயே நின்றுவிட்டது. 53 மணி ஜெபமாலை. மாதாவிடம் ஒரே வார்த்தையை ஐம்பத்து மூன்று தடவை சொல்கிறேன், எத்தனை தடவை சொன்னாலும் அம்மா சலிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறேன், ஆனால் பெற்ற தகப்பன் ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குமேல் ஜெபமாலையைத் தொடர முடியவில்லை.

எழுந்து அவர் அறைக்குப் போனேன். காதுக் கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா என்றேன். கருவி இல்லாமல் அது அவருக்கு எப்படிக் கேட்கும்? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த முறை குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைத்தான் முதலில் சொன்னேன்.

அதற்கப்புறம் புனித குழந்தை தெரேசம்மாள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தார். பிரான்சில் லிசியே ஊர் கார்மேல் கன்னியர் மடத்தில் 1888இல் பதினைந்து வயதில் சேர்ந்து, 1897இல் இருபத்து நாலு வயதில் இறந்துபோனவர். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசானாக, அறிவித்தார். அவருடைய மடத்தில் நோயாளியான வயதான சகோதரி ஒருவர் இருந்தார். சாயங்கால ஜெபத்துக்கு நடுவில், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவரைக் கைத்தாங்கலாகச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். தெரேசம்மாள் தானாக முன்வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அந்தச் சகோதரி மணல் கடிகாரத்தை எடுத்து ஆட்டுவாராம், புறப்படலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். மெதுவாக நடந்தால் கை பிடிக்கவே இல்லை, விழப்போகிறேன் என்பார், கொஞ்சம் வேகமாக நடந்தால் அதற்கும் குறை. உட்கார வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த அம்மாவின் கைகள் ரொட்டியை வெட்ட முடியாமல் தடுமாறுவதைத் தெரேசம்மாள் கவனித்துவிட்டார். யாரும் கேட்காமலே அதையும் வெட்டிக்கொடுத்து, ஒரு நல்ல புன்னகையும் கொடுத்துவிட்டுத்தான் போவார். இன்னொன்றும் அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார்: தனியாக ஜெபமாலை சொல்வது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததாம், மனம் ஒரு நிலையில் நிற்காதாம். எனக்கு ஜெபமாலை தடங்கல் இல்லாமல் வந்தது, அப்பாவிடம்தான் தடுமாறினேன்.

சரி, இந்த மாதிரிப் பாடங்கள் நடக்கிற நேரத்தில் கண்ணில் படுமா என்றால், எனக்குப் பெரும்பாலும் படுவதில்லை. ராத்திரி திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது, ஆன்ம சோதனை. 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தாரே, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார், அங்கேதான் தன் மனதில் வந்து போகிற எண்ணங்களை உற்றுப்பார்க்க ஆரம்பித்தார். அவர் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனையில் முதல் படி பாவக்கணக்கு இல்லை, கடவுளுக்கு நன்றி சொல்வது. அப்புறம் வெளிச்சம் கேட்பது, அப்புறம்தான் அந்த நாளை மணி மணியாகப் பார்ப்பது. நான் பல வருடம் இதைத் தலைகீழாகச் செய்துவந்தேன், தப்பு எங்கே என்றே தேடி அலுத்துப்போய்த் தூங்கிவிடுவேன். நன்றியில் ஆரம்பித்த பிறகுதான் அப்பா மூன்று தடவை வந்து கேட்டதே வேறு விதமாகத் தெரிந்தது. பிரசங்கம் காதில் விழாத ஒரு மனிதர் பூசை நேரத்தை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே!

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் பாடம் தேடுகிறோம் என்று அடுத்தவர் கஷ்டத்தில் போய்ப் பாடம் படிக்கக் கூடாது. ஒருவருக்கு நோய் வந்தால் கடவுள் எதையோ உணர்த்துகிறார் என்று அவர் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து செத்துப்போன பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் இயேசுவே கேட்டு, இல்லை என்றும் சொல்லிவிட்டார். என் நாளில் எனக்கான பாடத்தை நான் படிக்கலாம். அடுத்தவர் வலிக்கு விளக்கம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

சில வாரம் கழித்து காதுக் கருவியின் பேட்டரி தரையில் விழுந்து உருண்டுவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. டார்ச்சை வைத்துக்கொண்டு, கன்னம் தரையில் பட அலமாரிக்கு அடியில் படுத்துத் தேடினேன். தூசிக்கு நடுவே அது மின்னியபோது லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற உவமையில் வருகிற பெண் ஞாபகத்துக்கு வந்தார். பத்துத் திராக்மா காசுகளில் ஒன்று தொலைந்துபோய், விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுவாரே, அவர்தான். ஒரு திராக்மா என்றால் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அந்த உவமையை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஆனால் பெருக்குகிறவர் குனிய வேண்டும், முதுகு வலிக்கும், முகத்தில் தூசி அப்பும் என்று அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அப்படிக் குனிந்து தேடுகிறவராகத்தான் இயேசு கடவுளைக் காட்டுகிறார். ஏறக்குறைய முப்பது வயதுவரை வெளியே தெரியாமல் நாசரேத்தில் வாழ்ந்தவர் அல்லவா, புளித்த மாவு, பழைய ஆடையில் போடுகிற ஒட்டு, வீட்டைப் பெருக்குகிற பெண் என்று எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிறு பூசைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். கருவியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். வாசகம், பிரசங்கம் எதுவும் கேட்டிருக்காது, ஆனாலும் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நற்கருணை வாங்க மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டி "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. உயர்ந்த கையைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி "ஆமென்" என்றார்.